பாதியில் பாழாகும் சிடி: வாசகர் கேள்வி – பதில்

சிடி எழுதிக்கொண்டிருக்கும்போது தகவல் வரத்து தடைபட்டு (‘பஃபர் அண்டர்ரன்’) வட்டு வீணாவது பற்றிப் பல வாசகர்கள் கேட்டிருக்கிறார்கள். பழைய ரைட்டரை இன்னும் பயன்படுத்துபவர்களும் இருக்கிறார்கள், லேப்டாப்பில் யுஎஸ்பி ரைட்டர் மாட்டியவர்களும் இருக்கிறார்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

கேள்வி: என்னுடையது 8எக்ஸ் வேகமுள்ள பழைய ரைட்டர். முக்கால்வாசி எழுதியதும் ‘பஃபர் அண்டர்ரன்’ என்று செய்தி காட்டி நின்றுவிடுகிறது. அந்த சிடியை வேறு எந்தக் கணினியும் படிப்பதில்லை. ஹார்ட் டிஸ்க்கில் காப்பி செய்யும்போது நடுவில் தாமதமானால் ஒன்றும் ஆவதில்லையே, சிடி மட்டும் ஏன் கெட்டுப்போகிறது?

பதில்: ஹார்ட் டிஸ்க்கில் ஒவ்வொரு செக்டாருக்கும் (தகவல் எழுதும் சிறு பகுதி) தனி முகவரியும், முன்னும் பின்னும் இடைவெளியும் உண்டு. எழுத வேண்டிய தகவல் வரத் தாமதமானால், தட்டு இன்னொரு சுற்று வரும்வரை தலை காத்திருந்து அதே இடத்தில் எழுதிவிடும். சிடி-ஆர் வட்டில் மையத்திலிருந்து விளிம்பை நோக்கிப் போகும் ஒரே ஒரு சுருள் பள்ளம்தான். சுற்றுக்கும் சுற்றுக்கும் இடையே சுமார் 1.6 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு மைக்ரான்); 80 நிமிட வட்டில் அந்தப் பள்ளத்தின் மொத்த நீளம் சுமார் 5.7 கிலோமீட்டர். அதிலுள்ள சாயத்தை லேசர் சுட்டுக்கொண்டே போகிறது. ஒருமுறை சுட்ட சாயம் பழைய நிலைக்குத் திரும்பாது.

இதைவிடப் பெரிய காரணம், தகவல் அடுக்கப்படும் விதம். 24 பைட் ஒரு ஃபிரேம். 98 ஃபிரேம் ஒரு செக்டார். கீறல் விழுந்தாலும் படிக்க முடிய வேண்டும் என்பதற்காக, அடுத்தடுத்த பைட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்காமல், 109 ஃபிரேம்கள் வரை பரப்பி, பிழைதிருத்தக் குறியீட்டோடு கலந்து எழுதுகிறது ரைட்டர். ஒரு செக்டாரின் பைட்டுகள் அடுத்த செக்டாரின் எல்லைக்குள்ளும் போய்க் கிடக்கும். லேசர் நடுவில் அணைந்தால், கடைசி செக்டாரின் மிச்சத் துண்டுகள் வட்டில் எங்குமே இருக்காது. எழுதியது போலத் தெரியும் இடத்தையும் படிக்க முடியாமல் போவது இதனால்தான்.

நின்று மறுபடி தொடங்குவதற்கென்றே சில இடங்களை, எழுதக்கூடிய சிடிகளுக்கான ஆரஞ்சு புக் தரநிர்ணயம் அனுமதிக்கிறது. டிராக்குகளுக்கு இடையில் ஓர் இணைப்பு பிளாக், அதன்பின் நான்கு ‘ரன்-இன்’ பிளாக், எழுதி முடிக்கும் இடத்தில் இரண்டு ‘ரன்-அவுட்’ பிளாக் என்று அதற்கு ஒழுங்கு உண்டு. டிராக்கின் நடுவில் நின்றால் இந்த ஒழுங்கு எதுவும் இருக்காது. பழைய ரைட்டர்களுக்கு விட்ட இடத்தைத் துல்லியமாகத் தேடிப் பிடிக்கவும் தெரியாது. மிகச் சிறிய குழியின் நீளமே 0.83 மைக்ரான்தான் என்பதை நினைத்துப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று. ஒவ்வொரு டிராக்காக எழுதும் டிராக்-அட்-ஒன்ஸ் முறையில் வட்டின் பொருளடக்கம் இருக்கும் ‘லீட்-இன்’ பகுதி, எல்லாம் எழுதி செஷனை (ஒரு தடவையில் எழுதும் மொத்தத் தொகுதி) மூடும்போதுதான் எழுதப்படும். பாதியில் நின்ற வட்டில் அது இல்லை. அதனால் சாதாரண சிடி டிரைவ் அதை வெற்று வட்டு என்றே நினைக்கிறது.

இனி உங்கள் 8எக்ஸ் கணக்கு. 1எக்ஸ் என்பது வினாடிக்கு 75 செக்டார். ஒவ்வொன்றும் 2048 பைட். ஆக வினாடிக்கு 150 கேபி. 8எக்ஸ் என்றால் 1200 கேபி. ரைட்டருக்குள் இருக்கும் பஃபரை (தகவலைத் தற்காலிகமாகச் சேர்த்துவைக்கும் நினைவகம்) மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே குழாய் ஒரே வேகத்தில் திறந்தே இருக்கிறது. மேலே மோட்டார் விட்டு விட்டு ஓடலாம், ஆனால் தொட்டி காலியாகக் கூடாது. காலியானால் அதுதான் அண்டர்ரன். 2 எம்பி பஃபர் 8எக்ஸ் வேகத்தில் 1.7 வினாடி தாங்கும். 4எக்ஸில் 3.4 வினாடி. 16எக்ஸில் 0.85 வினாடி. 52எக்ஸில் கால் வினாடிதான். உங்கள் கணினி எங்கேயோ 1.7 வினாடிக்கு மேல் தடுமாறுகிறது. அந்தத் தடுமாற்றத்தைக் கண்டுபிடிக்கும்வரை 4எக்ஸிலோ 2எக்ஸிலோ எழுதுங்கள்.

கேள்வி: என் ஹார்ட் டிஸ்க் வினாடிக்கு 30 எம்பி படிக்கிறது. 16எக்ஸ் எழுத 2.4 எம்பி போதும். பத்து மடங்குக்கு மேல் வேகம் இருந்தும் ஏன் தட்டுப்பாடு வருகிறது?

பதில்: 30 எம்பி என்பது ஒரு பெரிய ஃபைலைத் தொடர்ச்சியாகப் படிக்கும்போது கிடைப்பது. பத்தாயிரம் சின்னச் சின்ன ஃபைல்களை நேரடியாக சிடிக்கு அனுப்பிப் பாருங்கள், கதையே வேறு. ஒவ்வொரு ஃபைலுக்கும் தலை இடம் மாற வேண்டும். ஃபைல் எங்கே இருக்கிறது என்று அட்டவணையைப் பார்க்க ஒரு நகர்வு, ஃபைலை எடுக்க இன்னொன்று. நகர்வுக்கு 10 மில்லிவினாடி என்றாலும் ஒரு ஃபைலுக்கு 20 மில்லிவினாடி ஆகிறது. ஃபைல் 10 கேபி அளவு என்றால் வினாடிக்குக் கிடைப்பது 500 கேபி. அது 4எக்ஸுக்கே போதாது.

துண்டு துண்டாகச் சிதறிய ஃபைல்களிலும் இதே நிலைதான். அதே நேரத்தில் வைரஸ் ஸ்கேனரும் அதே டிஸ்க்கைத் துழாவத் தொடங்கினால் நிலைமை இன்னும் மோசமாகும்.

பழைய ஐடிஈ கணினிகளில் இன்னொரு கோளாறு உண்டு. ஒரே கேபிளில் ஹார்ட் டிஸ்க் மாஸ்டராகவும் ரைட்டர் ஸ்லேவாகவும் இருந்தால், இரண்டும் ஒரே சமயத்தில் தகவல் பரிமாற முடியாது. ஒன்று முடிக்கும்வரை மற்றது காத்திருக்கும். ஹார்ட் டிஸ்க்கை பிரைமரி சேனலிலும் ரைட்டரை செகண்டரி சேனலிலும் மாட்டுங்கள். ஒரு சிடியிலிருந்து நேரடியாக இன்னொரு சிடிக்குக் காப்பி எடுப்பவர்கள் படிக்கும் டிரைவையும் எழுதும் டிரைவையும் கட்டாயம் பிரித்து வைக்க வேண்டும். மூல வட்டில் ஒரு கீறல் இருந்தால் படிக்கும் டிரைவ் அதே இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்துப் பல வினாடிகள் எடுத்துக்கொள்ளும். தகவல் வரத்து குறைந்தால் எழுதுவதை நிறுத்தி, பிறகு விட்ட இடத்திலிருந்து தொடரும் பாதுகாப்பு வசதி இல்லாத ரைட்டரில் அப்படி நேரடிக் காப்பி எடுக்கவே வேண்டாம்.

விண்டோஸ் எக்ஸ்பி வைத்திருப்பவர்கள் டிஎம்ஏ (பிராசசர் தூக்கிப் போடாமல் தகவல் நேரடியாக நினைவகத்துக்குப் போய்வரும் முறை) நிலையையும் பாருங்கள். டிவைஸ் மேனேஜரில் ஐடிஈ கன்ட்ரோலர் பகுதியைத் திறந்து, ரைட்டர் இருக்கும் சேனலின் அட்வான்ஸ்டு செட்டிங்ஸில் ‘கரன்ட் டிரான்ஸ்ஃபர் மோட்’ என்ன காட்டுகிறது என்று பாருங்கள். ‘பிஐஓ’ என்று இருந்தால் ஒவ்வொரு பைட்டையும் பிராசசரே கையால் தூக்கிப் போடுகிறது என்று பொருள். பரிமாற்றப் பிழைகள் சேர்ந்துபோனால் விண்டோஸ் தானாகவே வேகத்தைப் படிப்படியாகக் குறைத்து பிஐஓவுக்கு இறக்கிவிடும். தானாகத் திரும்ப ஏற்றாது. முதலில் கேபிளை மாற்றுங்கள். பிறகு அந்த சேனலை அன்இன்ஸ்டால் செய்து கணினியை மறுபடி தொடங்குங்கள். விண்டோஸ் புதிதாகக் கண்டுபிடித்து டிஎம்ஏவுக்கு ஏற்றும். கேபிளை மாற்றாமல் இதைச் செய்தால் சில நாட்களில் பழைய நிலைக்கே வந்துவிடும்.

கேள்வி: தடுமாற்றம் ஹார்ட் டிஸ்க் பக்கமா, ரைட்டர் பக்கமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: இமேஜ்பர்ன் மென்பொருளில் எழுதும்போது இரண்டு பட்டைகள் தெரியும். ‘பஃபர்’ என்பது கணினியின் ரேமில் மென்பொருள் ஒதுக்கியது. ‘டிவைஸ் பஃபர்’ ரைட்டருக்குள் இருப்பது. முதல் பட்டை இறங்கி, அதைத் தொடர்ந்து இரண்டாவதும் இறங்கினால் தகவல் எடுக்கும் இடத்தில் குறை: சிதறிய ஃபைல்கள், சின்ன ஃபைல்கள், நெட்வொர்க், வைரஸ் ஸ்கேனர். முதல் பட்டை நிறைந்தே இருக்க, இரண்டாவது மட்டும் ஏறி இறங்கினால் குறை நடுவழியில்: கேபிள், பிஐஓ, யுஎஸ்பி ஹப். இந்த ஒரு பார்வையே பாதி வேலையை முடித்துவிடும்.

லினக்ஸில் வோடிம் அல்லது சிடிரெக்கார்ட் கொண்டு எழுதினால், முடிவில் ஃபிஃபோ (ரேமில் மென்பொருள் ஒதுக்கிய பஃபர்) எத்தனை முறை காலியானது, மிகக் குறைந்த அளவு எத்தனை சதவீதம் என்று ஒரு வரி வரும். காலியானது 0 முறை, குறைந்த அளவு 90 சதவீதத்துக்கு மேல் என்றால் கவலையில்லை. சில தடவை 20, 30 என்று இறங்கியிருந்தால், இந்த வட்டு தப்பித்தாலும் வேகத்தை ஒரு படி குறைப்பது நல்லது.

கேள்வி: எல்லாச் சோதனையும் எனக்குச் சரிப்படாது. வட்டு வீணாகாமல் எழுத நிச்சயமான வழி ஒன்று சொல்லுங்கள்.

பதில்: முதலில் இமேஜ், பிறகு எழுதுதல். எழுத வேண்டியவற்றை ஒரே ஐசோ ஃபைலாக (இதுதான் இமேஜ்) ஹார்ட் டிஸ்க்கில் உருவாக்குங்கள். முழு வட்டுக்கு 700 எம்பி இடம் வேண்டும், ஆனால் டிஸ்க்கில் அதைப்போல மூன்று நான்கு மடங்கு காலி இடம் இருந்தால்தான் ஐசோ சிதறாமல் அமையும். எழுதும்போது ஹார்ட் டிஸ்க் ஒரே நேர்கோட்டில் படித்துக்கொண்டே போகும். பத்தாயிரம் ஃபைல்களைத் தேடும் வேலையெல்லாம் இமேஜ் உருவாகும்போதே முடிந்துவிடுகிறது. அங்கே எவ்வளவு தாமதமானாலும் கெடுவதற்கு ஒன்றுமில்லை.

நெட்வொர்க்கிலோ பென் டிரைவிலோ இருப்பதையும் இப்படியே கணினிக்குள் கொண்டுவந்துவிடுங்கள். பிறகு கணினி தானாக ‘ஸ்லீப்’ போவதை நிறுத்துங்கள், வைரஸ் ஸ்கேன், அப்டேட் போன்றவை அந்த நேரத்தில் தொடங்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 98 போன்ற பழைய அமைப்பில் ரைட்டருக்கான ‘ஆட்டோ இன்சர்ட் நோட்டிஃபிகேஷன்’ டிக்கை எடுத்துவிட வேண்டும். வட்டு மாறியதா என்று அது இடையிடையே டிரைவைக் கேட்டுக்கொண்டிருக்கும்.

பாதுகாப்பு வசதி இல்லாத பழைய ரைட்டரென்றால், புதிய அமைப்பில் முதல் வட்டை எழுதும் முன் ‘சிமுலேஷன்’ ஒருமுறை ஓட்டுங்கள். லேசர் குறைந்த சக்தியில் இருக்கும், சாயம் சுடாது, ஆனால் தகவல் வரத்து நிஜமாக எழுதும் அதே வேகத்தில் நடக்கும். அதில் தேறிய வேகத்துக்கு ஒரு படி கீழே வைத்து எழுதுங்கள்.

கேள்வி: ‘பர்ன்-ப்ரூஃப்’ உள்ள ரைட்டரில் இதெல்லாம் தேவையில்லை என்கிறார்களே?

பதில்: பெரும்பகுதி உண்மை. சான்யோ நிறுவனத்தின் பர்ன்-ப்ரூஃப் 2000-இல் பிளெக்ஸ்டரின் 12எக்ஸ் ரைட்டருடன் சந்தைக்கு வந்தது. ரிக்கோவின் ‘ஜஸ்ட்லிங்க்’, யமஹாவின் ‘சேஃப்பர்ன்’ என்று ஒவ்வொரு நிறுவனமும் தன் பெயரில் அதே வசதியைத் தந்தது. பஃபர் ஓர் அளவுக்குக் கீழே இறங்கியதும், காலியாகும் முன்பே, ரைட்டர் எழுதுவதை ஒழுங்கான ஓரிடத்தில் நிறுத்தி அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளும். பஃபர் நிறைந்ததும் சற்றுப் பின்னால் போய், ஏற்கெனவே எழுதியதைப் படித்துக்கொண்டே வந்து, அதே தாளத்தில் ஒத்துப்போய், விட்ட இடத்தில் லேசரை மறுபடி ஏற்றும். நடுவில் விழும் இடைவெளி மைக்ரான் கணக்கில்தான். சிடியின் பிழைதிருத்தம் சுமார் 2.5 மில்லிமீட்டர் நீளக் கீறலையே முழுதாகச் சரிசெய்யும் என்பதால் இந்த இடைவெளி பொருட்டே இல்லை.

ஆனால் ரைட்டரில் வசதி இருந்தால் மட்டும் போதாது, எழுதும் மென்பொருளும் அதை இயக்க வேண்டும். நீரோவில் ‘பஃபர் அண்டர்ரன் புரொடெக்‌ஷன்’ டிக் இருக்கிறதா என்று பாருங்கள். சிடிரெக்கார்டில் ‘பர்ன்ஃப்ரீ’ என்ற டிரைவர் ஆப்ஷன். வசதி பிறக்கும் முன் வந்த மென்பொருளுக்கு அதைக் கேட்கவே தெரியாது.

இந்தப் பாதுகாப்பு தாங்காத விஷயங்களும் உண்டு. கரண்ட் போனால், கணினி உறைந்துபோனால், கேபிள் கழன்றால், மென்பொருளை இடையில் மூடினால் வட்டு போனதுதான். எங்கே விட்டோம் என்ற குறிப்பு ரைட்டரின் நினைவகத்தில் இருக்கிறது; ரீசெட் ஆனதும் அது அழிந்துவிடும். வரத்து தாமதமாவதைத்தான் இந்த வசதி சமாளிக்கும், அடியோடு அறுந்துபோவதை அல்ல.

கேள்வி: லேப்டாப்பில் மெல்லிய யுஎஸ்பி ரைட்டர். எழுதும்போது 30 சதவீதத்தில் டிரைவே மறைந்துபோய், மறுபடி தோன்றுகிறது. பாதுகாப்பு வசதியை இயக்கித்தான் வைத்திருக்கிறேன்.

பதில்: இது மேலே சொன்ன ‘அறுந்துபோகும்’ வகை. டிரைவ் மறைந்து தோன்றுவது மின்சாரம் போதாததன் அடையாளம். யுஎஸ்பி 2.0 போர்ட் ஒன்று தர வேண்டியது 500 மில்லிஆம்ப். வட்டைச் சுழற்றும் மோட்டாரும் எழுதும் லேசரும் சேரும்போது தேவை அதைத் தாண்டிவிடலாம். வட்டைப் படிக்கும்போது எந்தப் பிரச்சினையும் தெரியாது, எழுதும்போது மட்டும் விழும்.

டிரைவை நேராக லேப்டாப்பில் மாட்டுங்கள், சொந்த அடாப்டர் இல்லாத ஹப் வேண்டாம். 900 மில்லிஆம்ப் தரும் யுஎஸ்பி 3.0 போர்ட் இருந்தால் அதில் மாட்டுங்கள். நீளமான மெல்லிய எக்ஸ்டென்ஷன் கேபிளில் வோல்டேஜ் இறங்கும். டிரைவோடு வந்த குட்டைக் கேபிளையே பயன்படுத்துங்கள். இரண்டு யுஎஸ்பி முனைகள் கொண்ட ‘ஒய்’ கேபிள் வந்திருந்தால் இரண்டையும் செருகுங்கள். லேப்டாப் சார்ஜரில் இருக்கட்டும். இத்தனைக்குப் பிறகும் விழுந்தால் வேகத்தைக் குறைத்துப் பாருங்கள், மோட்டாரின் தேவை குறையும்.

மிகப் பழைய யுஎஸ்பி 1.1 போர்ட் என்றால் நடைமுறையில் கிடைப்பது வினாடிக்கு சுமார் 1 எம்பி. 4எக்ஸுக்கு மேல் வைக்காதீர்கள்.

கேள்வி: எழுதும்போது கணினியில் வேறு வேலை செய்யலாமா?

பதில்: பாதுகாப்பு வசதி இருந்தால் செய்யலாம், பெரிய ஃபைல் காப்பி மட்டும் வேண்டாம். இல்லாவிட்டால் தொடாதீர்கள், ஸ்கிரீன் சேவரையும் நிறுத்திவையுங்கள்.

கேள்வி: பாதியில் நின்ற சிடியிலிருந்து எதையாவது மீட்க முடியுமா? சில வட்டுகளில் ஃபைல் பெயர்கள் எல்லாம் தெரிகின்றன, திறந்தால் பிழை வருகிறது.

பதில்: பெயர்கள் தெரிவதை நம்பி மூல ஃபைல்களை அழித்துவிடாதீர்கள். ஐசோ அமைப்பில் ஃபைல் பட்டியல் வட்டின் தொடக்கத்திலேயே, 16-வது செக்டாரில் தொடங்கும் பகுதியில், முதலில் எழுதப்பட்டுவிடும். ஃபைல்களின் உள்ளடக்கம் பிறகுதான் வரும். 40 சதவீதத்தில் நின்ற வட்டும் முழுப் பட்டியலையும் காட்டலாம்; அளவுகள்கூடச் சரியாக இருக்கும். அறுபட்ட இடத்துக்கு முன்னால் இருப்பவை மட்டுமே திறக்கும். ஆடியோ சிடியை, முழு வட்டையும் ஒரே மூச்சில் எழுதும் டிஸ்க்-அட்-ஒன்ஸ் முறையில் எழுதினால் பொருளடக்கம் முதலிலேயே பதிவாகிவிடும். பிளேயர் 14 பாட்டு என்று காட்டிவிட்டு எட்டாவதில் நின்றுவிடும்.

செஷன் மூடப்படாத டேட்டா வட்டை ரைட்டரில் போட்டு ஐசோபஸ்டர் போன்ற மென்பொருளால் பாருங்கள். சாதாரண டிரைவ் பார்க்காததை ரைட்டர் பார்க்கும். டிராக்-அட்-ஒன்ஸ் வட்டு என்றால் சிடிரெக்கார்டின் ‘ஃபிக்ஸ்’ கட்டளையால் செஷனை மூடவும் முயலலாம். அதற்கு சுமார் 22 எம்பி இடம் வட்டில் மீதியிருக்க வேண்டும். பல செஷன் வட்டில் கடைசி செஷன் கெட்டாலும் முந்தைய செஷன்கள் அப்படியே இருக்கும்.

அழித்து மறுபடி எழுதக்கூடிய சிடி-ஆர்டபிள்யூ என்றால் வருந்த ஒன்றுமில்லை. ‘குவிக் எரேஸ்’ பலிக்காவிட்டால் ‘ஃபுல் எரேஸ்’ கொடுங்கள். 4எக்ஸில் 20 நிமிடம் ஆகும்.

கேள்வி: எம்பி3 பாடல்களை ஆடியோ சிடியாக எழுதும்போது மட்டும் அண்டர்ரன் வருகிறது. டேட்டா சிடி ஒழுங்காக எழுதுகிறது.

பதில்: ஆடியோ சிடிக்கு வினாடிக்கு 1,76,400 பைட் வேண்டும்; டேட்டாவைவிட சுமார் 15 சதவீதம் கூடுதல். அதோடு எம்பி3-ஐ விரித்துக்கொண்டே எழுத வேண்டும். 16எக்ஸில் எழுதினால் ஒரு வினாடிக்குள் 16 வினாடிப் பாட்டை விரித்து முடிக்க வேண்டும், பழைய பிராசசர் திணறும். பாடல்களை முதலில் வேவ் ஃபைல்களாக மாற்றிவிடுங்கள். நிமிடத்துக்கு 10 எம்பிக்குச் சற்று மேல் ஆகும். 80 நிமிடத்துக்கு 850 எம்பி ஒதுக்கினால் சரி.

இடையில் நின்று தொடர்ந்த இடம் பாட்டில் கேட்குமோ என்று பயந்து சிலர் ஆடியோவுக்குப் பாதுகாப்பு வசதியை நிறுத்திவைக்கிறார்கள். அது தவறான சிக்கனம். அந்த இணைப்பு பிழைதிருத்த எல்லைக்குள் அடங்கிவிடும். இணைப்பே விழக்கூடாது என்று விரும்பினால் வேகத்தைக் குறையுங்கள், வசதி இயங்கியபடியே இருக்கட்டும்.

கேள்வி: ‘பவர் கேலிபரேஷன் எரர்’ என்று வருகிறது. இதுவும் அண்டர்ரன்தானா?

பதில்: இல்லை. எழுதத் தொடங்கும் முன் வட்டின் உள்விளிம்பில் ஒரு சிறு பகுதியில் லேசரின் சக்தியைச் சோதித்துப் பார்க்கும் ரைட்டர். அந்தச் சோதனை தேறவில்லை. அந்த வட்டு ரைட்டருக்கு ஒத்துவரவில்லை, லென்ஸில் தூசி, அல்லது லேசர் தளர்ந்துவிட்டது. வேறு தயாரிப்பு வட்டும் வேறு வேகமும் போட்டுப் பாருங்கள். ‘மீடியம்’ என்ற சொல்லோடு வரும் பிழைகளும் பெரும்பாலும் வட்டு அல்லது லேசர் பக்கம்தான். இதற்காக ஹார்ட் டிஸ்க்கை டிஃப்ராக் செய்து (சிதறிய ஃபைல்களை ஒன்றுசேர்த்து) பயனில்லை.

கேள்வி: டிவிடிக்கும் இதே கவலை உண்டா?

பதில்: டிவிடி ரைட்டர்களில் பாதுகாப்பு வசதி அநேகமாக எப்போதும் இருக்கும். டிவிடி+ஆர் வட்டின் பள்ளத்திலேயே விட்ட இடத்தைத் துல்லியமாகப் பிடிக்க உதவும் நுண்ணிய அலைவு பதிந்திருக்கிறது. ஆனால் டிவிடியின் 1எக்ஸ் என்பது வினாடிக்கு சுமார் 1.38 எம்பி, சிடியைப்போல ஒன்பது மடங்கு. 16எக்ஸில் விளிம்பை எட்டும்போது 22 எம்பி கேட்கும். பழைய லேப்டாப் ஹார்ட் டிஸ்க்கால் அதைத் தொடர்ந்து தர முடியாது. ரைட்டர் நின்று நின்று எழுதும், நேரமும் மிச்சமாகாது. அப்படிப்பட்ட கணினியில் 8எக்ஸ் வைத்து எழுதுங்கள். 11 எம்பி சீராகக் கிடைக்கும். பல சமயம் 16எக்ஸைவிட முன்னதாகவே முடிந்துவிடும்.